முதல் மோதிரம் யாருக்கும் பொருந்தாது

வெள்ளி மோதிரம் என்பது ஒரு தகட்டை வளைத்து, இரு முனைகளையும் சேர்த்துப் பற்றவைத்த வளையம். வரையறையில் சிக்கல் இல்லை. சிக்கல் முழுவதும் அந்த இரு முனைகளிடம்தான். அவை சேர விரும்புவதில்லை.

தூய வெள்ளி நகைக்கு ஆகாத அளவு மென்மையானது. எனவே 92.5 பங்கு வெள்ளியுடன் 7.5 பங்கு வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு, சேர்ப்பார்கள். நகையின் உட்புறத்தில் காணும் 925 என்ற முத்திரைக்கு இதுவே பொருள். பழகுபவர்கள் தங்கத்தை விட்டு வெள்ளியில் தொடங்குவதற்குக் காரணம் விலை. வீணாவது உறுதி என்றான பின், எதை வீணாக்குவது என்பது ஒன்றுதான் அவர்கள் கையில் இருக்கிறது.

முதல் வேலை விரலை அளப்பது. விரல் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. குளிரில் சுருங்கும், வெயிலில் பருக்கும். மோதிரம் தங்கும் இடத்தைவிட அது தாண்டி வரவேண்டிய கணு பெரிதாகவும் இருக்கும். தகட்டின் நீளத்துக்குக் கணக்கு உண்டு: உள்விட்டத்துடன் தகட்டின் கனத்தைக் கூட்டி 3.14ஆல் பெருக்க வேண்டும். உள்விட்டம் 18 மி.மீ., கனம் 1.5 மி.மீ. என்றால் நீளம் சுமார் 61 மி.மீ. கனத்தைக் கூட்ட மறந்தவர் 56.5 மி.மீ. வெட்டுவார். அந்த மோதிரம் மோதிர விரலைக் கைவிட்டுச் சுண்டுவிரலுக்குக் குடிபோகும்.

தகட்டை அறுக்கும் ரம்பத்தின் அலகு நூல்போல் மெல்லியது. பற்கள் கைப்பிடியை நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். கீழே இழுக்கும்போதுதான் அது அறுக்கும். அழுத்தினால் ஒடியும், சாய்த்தால் ஒடியும், அருகில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே அறுத்தாலும் ஒடியும். கடைகளில் அலகுகள் டஜன் கணக்கில் விற்கப்படுவதன் காரணம் முதல் மணி நேரத்திலேயே விளங்கிவிடும்.

வளைக்க வளைக்க வெள்ளி விறைக்கும். மங்கிய சிவப்பு தெரியும்வரை, ஏறத்தாழ 600 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை, காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் மறுபடி இளகும். எஃகை இப்படி முக்கினால் இறுகும் என்பதால், இரும்புப் பட்டறை அனுபவம் உள்ளவர்கள் இந்தக் கட்டத்தில் வாதாடுவதுண்டு. முனைகளை அரத்தால் சமமாக்கி, இடையே வெளிச்சம் புகாதபடி பொருத்த வேண்டும். மோதிரம் இப்போதைக்கு வட்டமாக இருக்கத் தேவையில்லை. இந்தத் தொழில் பழகுபவருக்குத் தரும் ஒரே சலுகை இதுதான்.

அடுத்தது பற்றவைத்தல். வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் கலந்த பற்றுக்கலவையைப் பட்டறையில் பொடி என்பார்கள். சூட்டில் ஆக்சைடு படியாதிருக்க, இணைப்பில் முதலில் வெங்காரக் கரைசலைப் பூச வேண்டும். நீர் வற்றும்போது வெங்காரம் பொங்கும். பொங்குகிற வேகத்தில், பாடுபட்டு வைத்த பொடியைத் தள்ளிவிடும். பொடி இடைவெளியை நிரப்பாது. சூடு மிகுந்த பக்கம் நோக்கி ஓடும். எனவே இணைப்பை மட்டும் சுடாமல் மோதிரம் முழுவதையும் சுட வேண்டும். உலோகங்களில் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. ஒரு பக்கம் தீ காட்டும்போது மறுபக்கத்தைத் தொட்டுப் பார்ப்பவர் இந்த இயற்பியல் உண்மையை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

பொடி, வகைக்கேற்ப, ஏறத்தாழ 700 முதல் 780 டிகிரிக்குள் ஓடும். 925 வெள்ளியோ 800 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கிவிடும். இந்தச் சிறு இடைவெளியைக் கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும். நிறம் தெரிவதற்காக அறை விளக்கைக் குறைத்துக்கொள்வார்கள். பொடி ஓடியதும் இணைப்பில் ஒரு கோடு பளிச்சிடும். அந்தக் கணமே தீயை விலக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் காட்டினால் நன்றாகப் பிடிக்கும் என்ற எண்ணம் தோன்றினால், அடுத்த கணம் கையில் மிஞ்சுவது அழகான வெள்ளி உருண்டை.

பிழைத்த மோதிரம் கறுத்திருக்கும். நீர்த்த அமிலத்தில் இட்டால் கறுப்பு நீங்கும். அதை இரும்பு இடுக்கியால் எடுத்தால் வெள்ளியின் மேல் செம்பு படியும். செம்பு அல்லது பிளாஸ்டிக் இடுக்கியே நல்லது. பிறகு கூம்புக் கம்பியில் மாட்டி மரச்சுத்தியால் தட்டினால் வட்டம் வரும். கரடுமுரடான உப்புத்தாளில் தொடங்கி மென்மையானதில் முடித்தால் மெருகு ஏறும். நடுவில் ஒரு தாளைத் தவிர்த்த சோம்பலைக் கீறல்கள் ஊருக்கே அறிவிக்கும்.

சற்றுச் சிறிய மோதிரத்தைத் தட்டிப் பெருக்கலாம். பெரியதை வெட்டித்தான் குறைக்க வேண்டும். ஆகவே தவறுவதாக இருந்தால் சிறியதாகத் தவறுவது மேல். துண்டு, அரத்தூள், உருண்டை எதையும் எறியக் கூடாது. உருக்கினால் மறுபடி தகடாகும். பொடி ஒட்டியவற்றை மட்டும் தனியே வைக்க வேண்டும். பழகத் தொடங்குபவர்கள் இவற்றுக்கான டப்பாவைக் கொஞ்சம் பெரியதாகவே வாங்கிக்கொள்ளலாம்.