வெட்சி முதல் வாகை வரை: எட்டாத தேன் குறித்து ஒரு புறத்திணை ஆய்வு

கீரமங்கலம் மெய்நின்றநாதர் கோயிலில் 81 அடி உயரச் சிவன் சிலைக்கு முன்னால் நக்கீரர் நிற்கிறார். வழக்கு ஊரறிந்தது. குறுந்தொகையில் இறையனார் பெயரில் உள்ள இரண்டாம் பாட்டு ஒரு தும்பியைக் கூப்பிட்டு, நீ போய்வந்த பூக்களில் இவள் கூந்தலைப் போல மணக்கிற பூ உண்டா என்று கேட்கிறது. தருமி அதைப் பாண்டியன் சபைக்குக் கொண்டுபோனான். நக்கீரர் குற்றம் சொன்னார். நெற்றிக்கண் திறந்தது. இத்தனை ரகளையிலும் தும்பியைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. கேள்வி கேட்கப்பட்டதே அதனிடம்தான். ஏற்றியிருந்தால், "மணம் கிடக்கட்டும் ஐயா, பாதிப் பூவில் எனக்கு வாயே எட்டுவதில்லை" என்று அது தன் குறையைச் சொல்லியிருக்கும். சங்க காலம் தொட்டு நீடிக்கும் இந்த ஆய்வு இடைவெளியை அடைப்பதே ஈண்டு நம் நோக்கம்.

முதலில் தும்பி எது என்று தீர்க்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் தட்டானைக் காட்டுவார்கள். பழந்தமிழில் வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று ஏகப்பட்ட பெயர்கள். எது எந்தப் பூச்சி என்பதில் உரைகாரர்கள் ஒருமித்ததாகத் தெரியவில்லை. நான் தேனீ என்று கொள்கிறேன். எங்கள் பக்கம் கதண்டு என்று கொட்டும் விஷ வண்டு ஒன்று உண்டு. அது இக்கட்டுரையில் வராது. வந்தால் கட்டுரையாளன் இருக்க மாட்டான்.

ஆய்வுக் களம், ஆலங்குடி வட்டத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை. கருவி, 15 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேல். உதவியாளர், மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா பேத்தி. உதவித்தொகை நாளுக்கு ஒரு கடலை மிட்டாய். நெறியாளர் பொறுப்பைத் திண்ணையில் உட்கார்ந்தபடி ஆத்தா தானாகவே எடுத்துக்கொண்டார். "பூவுக்கு அளவெடுத்து என்னடா தம்பி பண்ணப்போற, சட்டையா தைக்கப்போற?" என்பது அவர் எழுப்பிய முதல் முறையியல் கேள்வி.

விடை நாக்கில் இருக்கிறது. பெட்டியில் வைத்து வளர்க்கிறோமே, அந்த அடுக்குத் தேனீக்கு நாக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். வெளிநாட்டிலிருந்து வந்த இத்தாலியத் தேனீக்கு 6 மில்லிமீட்டர் அளவில். முள்ளுச்செடியில் ஒற்றை அடை கட்டும் கொம்புத் தேனீக்கு இன்னும் குட்டை. நாக்கு என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டாலும் அது ஒரு கூட்டுக்குடும்பம்: நடுவே மயிரடர்ந்த நாக்கு, சுற்றிலும் நான்கு தகடுகள் கூடிக் குழலாகும். வேலை முடிந்ததும் பேனாக்கத்தி மாதிரி தாடைக்குக் கீழே மடங்கிவிடும். தேன் நீர்த்திருந்தால் தேனீ உறிஞ்சுகிறது. கெட்டியாக இருந்தால் நாக்கை நீட்டி நீட்டி நக்குகிறது. பந்தியில் ரசத்தை உறிஞ்சிவிட்டுப் பாயசத்தை இலையோடு வழிக்கும் நம்மவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

அரை சென்டிமீட்டர் என்பது ஒரு பிழைப்பின் எல்லை. 1900ஐ ஒட்டி அமெரிக்காவில் ஏ. ஐ. ரூட் நிறுவனம் நீள நாக்குத் தேனீ வம்சத்தை உருவாக்கப் பாடுபட்டது. சிவப்புக் குளோவர் என்ற தீவனப்பயிரின் தேன் சாதாரணத் தேனீக்கு எட்டாத ஆழத்தில் இருந்ததுதான் காரணம். தேனீயின் நாக்கை அளப்பதற்கென்றே கருவிகள் செய்தார்கள். அதே பயிர் விதை கட்டுவதற்காக நியூசிலாந்துக்காரர்கள் 1885ல் இங்கிலாந்திலிருந்து நீள நாக்குப் பொதிவண்டுகளை (பம்பிள் பீ) கப்பலில் இறக்கினார்கள். இதை நெறியாளரிடம் தெரிவித்தேன். "நாக்கு நீளமானதெல்லாம் நம்ம தெருவுலயே இருக்கே, கப்பல் எதுக்கு?" என்றார்.

இனி கோட்பாடு. போரைப் பூவால் வகுத்தவன் தமிழன் ஒருவனே. ஆநிரை கவர்ந்தால் வெட்சி, கோட்டையை வளைத்தால் உழிஞை, கோட்டையைக் காத்தால் நொச்சி, எதிர்நின்று பொருதால் தும்பை, வென்றால் வாகை. நொச்சியும் கரந்தையும் தொல்காப்பியத்தில் தனித் திணையாக இல்லை, புறப்பொருள் வெண்பாமாலையில்தான் தனித்து நிற்கின்றன என்று ஆட்சேபம் எழலாம். எழட்டும். இப்பெயர்களை அரசர்களுக்குச் சொன்னதாகவே இதுவரை படித்துவந்தோம்; பூவின் பெயரால் சொன்னதைப் பூவுக்குப் போகிறவர் யாரோ அவருக்குச் சொன்னதாகக் கொள்வதுதானே முறை?

தும்பையை எடுத்துக்கொள்வோம். அறுவடையான கடலைக்கொல்லையில் தானாக முளைத்துக் கிடக்கும் அந்த வெள்ளைப் பூவுக்குக் கீழுதடு அகலம், அதுதான் திண்ணை. தேனீ அதில் இறங்கி நேராகத் தலையை உள்ளே முட்டுகிறது. மேலே கொக்கிபோல் வளைந்த மேலுதட்டுக்குள் மகரந்தம் காத்திருக்கிறது. முட்டுகிற தலையில் பூசிவிடும். ஒளிவுமறைவு இல்லை, கொடுக்கல் வாங்கல் சரி. தும்பைப் போர் என்பது இதுவே என்க.

எள் உழிஞை வகை. பெண்ணின் மூக்குக்கு எள்ளுப்பூவை உவமை சொல்வது நம் மரபு. அந்த மூக்குக்குள் தேனீ முழு உடம்போடு போய்விடுகிறது. நாக்கு எட்டாவிட்டால் ஆளே உள்ளே போவது என்ற எளிய போர்முறை. பின்பக்கம் மட்டும் வெளியே தெரியும், ஒரு கணம் நடுங்கும், பிறகு பின்னோக்கியே ஊர்ந்து வெளியே வரும். உவமை சொன்ன புலவர்கள் இதைப் பார்த்திருந்தால் வேறு பூ தேடியிருப்பார்கள்.

நொச்சியைப் பயறுகள் கையாளுகின்றன. வம்பன் நால்ரோடு பக்கத்தில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையமே இருப்பதால் புதுக்கோட்டைக்காரனுக்குப் பயறுப்பூ பற்றிப் பேச உரிமை உண்டு. உளுந்து கெட்டிக்காரி, பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே கல்யாணத்தை முடித்துக்கொள்வதால் தேனீக்கு அழைப்பிதழ் வைப்பதில்லை. துவரை வைக்கிறது, ஆனால் வாசலைத் திறந்து வைப்பதில்லை. இரண்டு இதழ்கள் படகுபோல ஒட்டி மூடியிருக்கும், அதை மிதித்து அழுத்தினால்தான் வழி. இக்குடும்பத்தில் மிக மோசமானது குதிரை மசால். அதன் படகுக்குள் சூல்தண்டு வில்லாக வளைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. தேனீ தலையை நுழைத்ததும் கட்டு விட்டு, தாடையில் ஒன்று விழும். சில அறை வாங்கிய தேனீ அதற்குப் பிறகு முன்வாசலுக்கே போவதில்லை. பூவின் பக்கவாட்டில் நின்று, இதழ்களின் சந்துக்குள் நாக்கை விட்டுத் தேனை எடுத்துக்கொள்கிறது. கட்டு அவிழாது, மகரந்தம் ஒட்டாது, பூ ஏமாந்து நிற்கும். அனுபவம் உள்ள தேனீ விதைப் பண்ணைக்காரனுக்கு உதவாமல் போவது இதனால்தான்.

இப்போது திருட்டுக்கு வருகிறோம். இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

எங்கள் வேலியோரம் மஞ்சள் மணிமணியாகப் பூக்கும் செடி ஒன்று நிற்கிறது. அமெரிக்கக் கண்டத்துப் பூர்வீகம். நர்சரிக்காரர் டெக்கோமா என்று சொல்லி விற்றார். பூவின் வாய் அகலம், அடி ஒடுக்கம், தேன் அடியில். ஒருநாள் காலையில் தேனீ ஒன்று மணியின் வாயைத் திரும்பியும் பார்க்காமல், வெளிப்பக்கமாக நடந்து பூவின் அடிக்குப் போய் நாக்கை நீட்டியது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அங்கே ஒரு கீறல். நகத்தால் கிழித்த அளவு, விளிம்பு பழுப்பேறியிருந்தது. பக்கத்துப் பூவிலும் அதே இடத்தில் கீறல். அடுத்ததிலும்.

குற்றவாளி தேனீ அல்ல. அதன் தாடை மெழுகு பிசைவதற்கு ஏற்பட்ட கரண்டி. பல் கிடையாது, இதழைக் கிழிக்க வராது. இதைத் தீர விசாரித்த நீதிமன்றமும் உண்டு. 1900 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் கோஷன் என்ற ஊரில் ஒரு பங்காளிச் சண்டை: ஒருவன் வளர்க்கும் தேனீ தன் பீச் பழத்தையெல்லாம் துளைத்துவிட்டது என்று கூடப்பிறந்தவனே வழக்குப் போட்டான். தேனீ தரப்பு ஜெயித்தது.

நம் வேலியில் கீறியது கருவண்டு. தாழ்வாரத்து மூங்கிலில் வட்டமாகத் துளை போட்டு, ஆத்தா கட்டிலில் தூள் கொட்டுகிறதே, அதே ஆள்தான். குழாயின் அடியில் உட்கார்ந்து வாயின் கூரிய விளிம்பால் ஒரு கீறு, குடி, அடுத்த பூ. அது போன பிறகு தேனீ வந்து அதே கீறல் வழியே மிச்சத்தை எடுக்கிறது. இந்த ஏற்பாட்டை இங்கிலாந்தில் டார்வின் கவனித்து 1841ல் கார்டனர்ஸ் கிரானிக்கிள் என்ற தோட்டக்கலைப் பத்திரிகைக்கு எழுதினார். அங்கே கருவண்டின் இடத்தில் பொதிவண்டு. உயிரினத் தோற்றம் பற்றிய அவர் நூல் வர அப்போது இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன. பெரிய மனிதர்களும் கொல்லையில்தான் தொடங்குகிறார்கள்.

தேனீ செய்வது என்ன குற்றம்? திருட்டு அல்ல, திருட்டுப் பொருள் வாங்குதல். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 411, 2024 ஜூலை முதல் நியாய சன்ஹிதாவில் 317. ஆனால் இரண்டிலும், திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால்தான் குற்றம். ஓட்டை யார் போட்டது என்பது தேனீக்குத் தெரியுமா? மேலும், கவர்ந்த ஆநிரையை மீட்கும் கரந்தை வீரர் யாரும் இங்கே வருவதில்லை. செடி புகார் கொடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பூவை உதிர்த்துவிடுகிறது. ஆத்தாவின் தீர்ப்பு சுருக்கமாக இருந்தது: "அடுத்தவன் தோண்டின கெணத்துல தண்ணி மோந்தா அது திருட்டாடா?"

காஞ்சித் திணை நிலையாமை பற்றியது. எங்கள் கொல்லையில் காஞ்சி மரம் இல்லை. அதனால் கீரமங்கலம் பூக் கமிஷன் கடைப் பக்கம் டீ குடிக்கப் போனேன். தேனீயின் பார்வையில் இது விசித்திரமான ஊர். நெற்றியில் பேட்டரி விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மல்லியும் முல்லையும் அரும்பாகப் பறித்துவிடுகிறார்கள்; கூடை கூடையாகப் பூ வருகிறது, ஆனால் செடியிலே விரிந்த பூ கிடையாது. விரிந்தாலும் மல்லியின் குழல் தேனீக்கு நீளம்தான்; அது ராத்திரி அந்துப்பூச்சிக்காகப் பூப்பது. கடை வாசல் வாளியில் மட்டும் தேனீக்கு எட்டாதது எதுவும் இல்லை. வாய் அகலம், சுவர் வெள்ளை, அடியில் சர்க்கரை: டீ குடித்துப்போட்ட பேப்பர் கப். குனிந்து பார்த்தேன். நாலைந்து தேனீக்கள் உள்ளே நடந்துகொண்டிருந்தன. ஒன்று அடியில் சர்க்கரைப் பிசினில் இறக்கை ஒட்டிப் புரண்டுகொண்டிருந்தது. அதன்மேல் அடுத்த கப் விழுந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை எண்ணியே பார்த்து 2011ல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதியிருக்கிறார்கள்: ஐந்து கடைகள், 30 நாள், செத்த தேனீ 25,211. நான் என் கப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் கண்ணாடி கிளாஸில் கேட்டேன். டீக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

எஞ்சியிருப்பது வெட்சி. ஆநிரை கவரப் போகிறவன் சூடும் அந்தப் பூவை இப்போது இட்லிப்பூ என்கிறோம். கிணற்றடியில் எங்களுக்கு ஒரு புதர் இருக்கிறது. குழலை அளந்தேன்: 3 சென்டிமீட்டரைத் தாண்டியது. தேனீயின் நாக்கைப்போல் ஆறு மடங்கு. குழலின் வாயோ ஊசி நுழையும் அகலம், உடம்போடு போகவும் முடியாது. வண்ணத்துப்பூச்சி சுருட்டி வைத்த குழாயை அவிழ்த்து நின்றபடியே குடிக்கிறது. தேனீ வந்து கொத்தின்மேல் ஒரு சுற்று நடந்துவிட்டு வேறு செடிக்குப் போய்விடுகிறது. திருட்டுக்கே பெயர் கொடுத்த பூவைத் தேனீயால் திருட முடியவில்லை என்பது இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு.

உதவியாளரால் முடிந்தது; வாகை அவளுக்கே. பூவைக் காம்போடு கிள்ளி எடுத்து, அடியில் இருக்கும் பச்சை முடிச்சை இரண்டு நகங்களுக்கிடையே பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு மெதுவாகக் கீழே இழுத்தாள். குழலுக்குள்ளிருந்து நூல் ஒன்று இறங்கி வந்தது. அடியில் கடுகளவில் ஒரு துளி வெயிலில் மின்னியது. நாக்கு நுனியில் தொட்டுக்கொண்டாள். நான் இழுத்ததில் நூல் அறுந்தது. இரண்டாவதும் அறுந்தது. "பையத் தாத்தா, பைய" என்று சொல்லிக் கொடுத்தாள். ஒன்பதாவதோ பத்தாவதோ பூவில் எனக்கும் துளி கிடைத்தது. பிறகு முறையைச் சரிபார்ப்பதற்காக மேலும் சில பூக்கள் தேவைப்பட்டன.

வெள்ளிக்கிழமைப் பிள்ளையாருக்குப் பூப் பறிக்க ஆத்தா கூடையோடு கிணற்றடிக்கு வந்தபோது புதர் மொட்டையாக நின்றது. தரையெல்லாம் சிவப்பு.

"யாருடா இப்படிப் பிச்சுப் போட்டது?"

நல்லவேளையாக ஒரு தேனீ அந்தப் பக்கம் வந்தது. கையை நீட்டி அதைக் காட்டினேன்.

உதவியாளர் வாயிலிருந்த பூவை எடுக்காமலே தலையை ஆட்டினாள். "இல்ல ஆத்தா, தேனீக்கு இது எட்டாதாம். தாத்தாவே ஸ்கேல் வச்சு அளந்து எழுதியிருக்காங்க."