எட்டுக் கோடி மாமாக்கள்

டோர்ட்மண்ட், ஜெர்மனி
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அத்தை, நீங்கள் சாவியைப் பூணாரமாய்ச் சுமக்கும் அந்த இரும்புப் பீரோ, மூவரும் நலமா?

கருவூலத்தில் ஃபைல் பார்த்தே ஓய்வுபெற்ற உங்களைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சு உண்டு: "இந்த மனுஷனுக்கு எதற்கெடுத்தாலும் ரூல்." இங்கே வந்து இறங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. பிழை உங்கள் மேல் இல்லை, நீங்கள் பிறந்த ஊர் மேல். இந்த நாட்டில் எட்டுக் கோடிக்கு மேல் ஜனம். அத்தனை பேரும் நீங்கள்தான்.

முதலில் பணம். கடிதத்தில் அந்த வரியைத்தானே தேடுவீர்கள்! நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்ட லோனில் 11,904 யூரோ பிளாக்டு அக்கவுண்டில் கிடக்கிறது. ஒரு வருஷச் சாப்பாட்டுக்கு வழி இருக்கிறது என்று காட்டத்தான் அது. காட்டியாயிற்று, ஆனால் மொத்தமாகக் கையில் தரமாட்டார்கள். மாதம் 992 யூரோ, அதற்கு மேல் ஒரு சென்ட் கிடையாது. கழுகாசலமூர்த்தி கோயில் திருவிழாவுக்குப் பத்து ரூபாய் தந்துவிட்டு, "மிச்சத்தைக் கொண்டா" என்பீர்களே, அந்த வசனம் ஒன்றுதான் குறை. படிப்புக்கு ஃபீஸ் இல்லை. செமஸ்டருக்கு ஒரு கட்டணம் கட்டினால் போதும். நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் போகும் பாஸும் அதிலேயே அடக்கம்.

வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் போய்ப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட காகிதம் வேண்டும். பதிந்ததும் ஒரு காகிதம் தருவார்கள். அந்தக் காகிதத்தைக் காட்டி இன்னும் மூன்று காகிதம் வாங்கலாம். நீங்கள் இருந்தால் கண்ணில் நீர் வந்திருக்கும். பதிந்த கையோடு ஒரு கடிதம் வந்தது: ரேடியோ, டிவிக்காக வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டு என்று. எங்கள் வீட்டில் டிவியே இல்லை. அது அவர்கள் கவலை இல்லையாம்!

தபால் பெட்டியில் பெயர் ஒட்டாவிட்டால் கடிதம் வராது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று அப்பா பெயர்தானே இருக்கிறது, அதையே ஒட்டியிருக்கிறேன். புரொஃபசர் முதல் பேங்க்காரர் வரை எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். நம் தெருவில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட எவனுக்கும் தைரியம் கிடையாது. இங்கே தினமும் நடக்கிறது, நானும் "யா" என்று திரும்பிப் பார்க்கிறேன்.

காலி பாட்டில்களைப் பரணில் சேர்த்து வைப்பதற்காக அத்தையிடம் திட்டு வாங்குகிறீர்களே, இதைக் கேளுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கும்போதே 25 சென்ட் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். காலி பாட்டிலைக் கடையிலுள்ள மெஷினில் போட்டால் அந்தக் காசு திரும்பும். என் அறை மூலையில் இப்போது ஒரு பரண் உருவாகி வருகிறது. ஜாம், ஊறுகாய்ச் சீசாக்களுக்குக் காசு இல்லை. வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பிரித்துத் தெருத் தொட்டியில் போட வேண்டும். அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, சத்தம் கேட்குமாம்.

இரண்டு விஷயம் உங்களுக்குப் பிடிக்காது. இப்போதே சொல்லிவிடுகிறேன். பத்து மணி வகுப்பு பத்தே காலுக்குத்தான் தொடங்கும். அந்தக் கால் மணி நேரம் பல்கலைக்கழகங்களின் பழைய சம்பிரதாயம். அடுத்தது ரயில். 2024இல் தொலைதூர ரயில்களில் நூற்றுக்கு அறுபத்திரண்டு சொச்சம்தான் நேரத்துக்கு வந்தன. ஆறு நிமிடத்துக்குள் வந்தால் அது தாமதக் கணக்கிலேயே சேராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இங்கே வளாகத்துக்குள் ஒரு ரயில் இருக்கிறது, 1984லிருந்து ஓடுகிறது. தண்டவாளம் மேலே, பெட்டி கீழே தொங்குகிறது, டிரைவர் கிடையாது. அதில் போய் இறங்கி வகுப்பில் உட்கார்ந்தால், பாடம் முடிந்ததும் பையன்கள் எல்லோரும் மேசையை விரல்முட்டியால் தட்டுகிறார்கள். அதுதான் ஆசிரியருக்கு மரியாதையாம். நம் பள்ளிக்கூடத்தில் தட்டியிருந்தால் வராந்தாவில் முட்டி போட்டிருப்போம். அம்மாவிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: இங்கே 1 வாங்கினால் முதல் தரம், 4 வரைக்கும் பாஸ், 5 என்றால் ஃபெயில். பிப்ரவரியில் "ஒன்று வாங்கினேன்" என்று நான் போன் செய்தால் ஒப்பாரி வைக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. அதனால் போன வாரம் ரயிலேறி ஹாம் ஊருக்குப் போனேன். ஈழத்து மக்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயில், 2002இல் கும்பாபிஷேகம் ஆனது. தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரத்தைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், "தம்பி சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டார். வந்த நாளிலிருந்து காகிதம் கேட்காமல் என்னிடம் பேசியவர் அவர்தான்.

இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். இனி நமக்குள் நாலரை மணி வித்தியாசம். அதிகாலை ஐந்துக்குப் போன் செய்தால் எனக்கு நள்ளிரவு பன்னிரண்டரை மணி. தயவுசெய்து வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: அத்தைக்கு. மாமா கடிதத்தைச் சத்தமாகத்தான் வாசிப்பார், அதனால் இதையும் அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாமாவை இங்கே அழைத்து வைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் விசிட் விசாவில் தொண்ணூறு நாளுக்கு மேல் விடமாட்டார்கள். உங்களுக்கு அது போதுமா?