முதல் ஆல்பமே உயர்வு என்பார்

இங்கிலாந்தின் பழைய இசைத்தட்டுக் கடைகளில் நின்றபடி, கேட்பார் இருப்பினும் இல்லாவிடினும் ராக், ஃபோக், இண்டி ஆல்பங்களைப் பற்றித் தம் கருத்தைத் தெரிவித்துக்கொண்டே இருப்போரைத் தனியோர் இனமாக வகைப்படுத்தலாம். இவ்வினத்தார் ‘இது என் சொந்த அபிப்பிராயம்தான்’ என்று மிகுந்த அடக்கத்துடன் தொடங்குவர். முடிக்கும்போதோ மேல்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பை வாசித்து முடித்த நீதிபதியைப் போல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவர்.

இவர்தம் அளவுகோல் எளியது: ஓர் ஆல்பத்தின் தரம், அதைக் கேட்டவர்களின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். 1948-இல் அறிமுகமான நெடுநேர இசைத்தட்டு, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேலாக இடமளித்து, பாடல்களை இரு பக்கங்களாகப் பிரித்து அடுக்கும் வழக்கத்தை உண்டாக்கிற்று. இவர் இரண்டாம் பக்கத்தின் கடைசிக்கு முந்தைய பாட்டையே போற்றுவார். முதல் பக்கத்தின் முதல் பாட்டு வானொலியில் ஒலித்திருக்கக்கூடும் என்ற ஐயமே அதனைத் தள்ளிவைக்கப் போதுமானது.

பெருநிறுவனங்களைச் சாராமல் சிறு வெளியீட்டகங்கள் வழியாக வரும் இசைக்கு இண்டி என்று பெயர். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு, கடன் வாங்கிய பணத்தில் நான்கு பாடல்கள் கொண்ட தட்டொன்றை 1977-இல் தானே வெளியிட்டு இதற்கு வழிகாட்டியது. அதே ஆண்டில் அக்குழு பெருநிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டதை இவர் இன்றளவும் மன்னிக்கவில்லை. அப்போது தாம் பிறந்திருக்கவில்லை என்பதை அதற்கொரு தடையாகவும் அவர் கருதுவதில்லை.

ஃபோக் என்னும் நாட்டார் மரபு இசையில் இவர்தம் புலமை இன்னும் நுட்பமானது. ஃபோக் பாடகராகப் புகழ்பெற்ற பாப் டிலன் 1966 மே மாதம் மின்கிதாருடன் மேடையேறியபோது, அதைத் துரோகமாகக் கருதிய ரசிகர் ஒருவர் அவரை யூதாஸ் என்று கூவிய நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு, அனுமதியின்றிப் படியெடுத்து விற்கும் ‘பூட்லெக்’ தட்டாக, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலின் பெயரில் நெடுங்காலம் உலவியது. உண்மையில் அது நிகழ்ந்தது மான்செஸ்டரில் என்று திருத்துவதற்காகவே இவர் எவரேனும் அப்பெயரைச் சொல்லும்வரை காத்திருப்பார். எவரும் சொல்லாவிடில், சொல்லவைப்பார்.

ஆயினும் இவ்வினத்தாரால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆங்கிலேய ஃபோக் பாடகர் நிக் டிரேக் தம் மூன்று ஆல்பங்களும் விலைபோகாத நிலையிலேயே 1974-இல் இருபத்தாறு வயதில் இறந்தார். அவர் பெயர் அழியாமல் நின்றதில் இத்தகையோரின் ஓயாத வாய்க்குப் பங்குண்டு. அவருடைய ‘பிங்க் மூன்’ என்னும் பாட்டு 1999-இல் ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரத்தில் ஒலித்து, அதே பெயருடைய ஆல்பம் மளமளவென்று விற்றபோது, கால் நூற்றாண்டாக ஊரையே கேட்கச் சொல்லி வற்புறுத்தியவர்கள், ஊரார் கேட்கத் தொடங்கியதும் முகம் சுளித்தனர்.

எவரும் கேட்டிராததை விரும்புவது, விரும்பியதை எல்லோரிடமும் பரிந்துரைப்பது என்னும் இவ்விரு கடமைகளுக்கும் இடையே இவர் படும் பாடு பெரிது. இவர் சொற்படி ஓர் ஆல்பத்தை வாங்கிக் கேட்ட நண்பர் மறுவாரம் வந்து மனமாரப் பாராட்டினால், இவர் சற்று யோசித்து, ‘நல்லதுதான், ஆனால் முதல் ஆல்பம் அளவுக்கு வராது’ என்பார். ‘இதுதானே அவர்களுடைய முதல் ஆல்பம்?’ என்று நண்பர் கேட்டால், அதற்கு முன்பு கேசட்டில் மட்டும் வந்த ஒன்று உண்டு என்பார்.