இங்கிலீசு வாங்குன இரவல்

ஏப்பா, உன் வீட்டுல பிள்ளைக தமிழ்ல பேசுனா அஞ்சு ரூவா அபராதமாமே? மருமக வந்து சொல்லிட்டுப் போனா. கலப்படமில்லாத இங்கிலீசுதான் வாயில வரணும்னு உத்தரவாம். நல்ல காரியம். கையோட ஜெர்மன் சொல்லுக்கும் அபராதம் போட்டுரு, உண்டியல் சீக்கிரம் நிறையும்.

உன் மச்சினன் டாலர்ல சம்பளம் வாங்குறான்னு டீக்கடையில சொல்லித் திரியுறியே, முதல் அபராதம் அதுக்குத்தான். பொஹீமியாவுல, இப்ப அது செக் நாட்டுல இருக்கு, யோவாக்கிம்ஸ்டால்னு ஒரு பள்ளத்தாக்கு. 1516 வாக்குல அங்க வெள்ளி அகப்பட்டுச்சு. அந்த வெள்ளியில அடிச்ச காசுக்கு ஜெர்மன்ல யோவாக்கிம்ஸ்டாலர்னு பேரு. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போயி, தலையை வெட்டிட்டு வாலை மட்டும் வச்சுக்கிட்டாக. அந்த வால்தான் டச்சுக்காரன் வாயில புகுந்து புறப்பட்டு இங்கிலீசுல டாலராச்சு.

செல்போனைக் கையில எடு. அதோட பாட்டரிக்குள்ள கோபால்ட்டுன்னு ஒரு உலோகம் இருக்கு. அந்தக் காலத்துல ஜெர்மனியில சாக்சனி மலையில சுரங்கம் வெட்டுனவுக, வெள்ளிதான் கிடைச்சிருச்சுன்னு ஒரு கல்லைக் கொண்டாந்து உலையில போட்டாக. வெள்ளி வரலை. ஆர்சனிக் நஞ்சுப் புகை வந்து ஆளைச் சாய்ச்சுச்சு. இது கோபோல்டோட வேலைன்னு பழியைத் தூக்கிப் போட்டாக. கோபோல்டுன்னா நம்ம ஊரு குட்டிச்சாத்தானேதான். செம்பு மாதிரி மினுக்கி ஏமாத்துன இன்னொரு கல்லைக் குப்பர்நிக்கல்னு, செம்புப் பேயின்னு வஞ்சாக. 1751ல குரோன்ஸ்டெட்னு ஒரு சுவீடன்காரர் அதுக்குள்ள இருந்த உலோகத்தைப் பிரிச்செடுத்தாரு. செம்பைத் தள்ளிட்டுப் பேயை மட்டும் பேரா வச்சாரு: நிக்கல். இங்கிலீசுக்காரன் ரெண்டு பேரையும் அப்படியே எழுதிக்கிட்டான். நீ என்னடான்னா குட்டிச்சாத்தானைக் காதுல வச்சுக்கிட்டு 'ஹலோ'ங்கிறே.

நம்ம மாடுகளை வாரிக்கிட்டுப் போன வெக்கை நோய்க்கு மாட்டு டாக்டர் எழுதுன பேரு ரிண்டர்பெஸ்ட். அதுவும் ஜெர்மன்தான். நோய் உலகத்தை விட்டே ஒழிஞ்சுதுன்னு 2011ல சொல்லிட்டாக. பேரு அகராதியில பத்திரமா இருக்கு.

இவ்வளவு இரவல் வாங்குனவனுக்கு வெக்கமே வரலையான்னு கேப்பே. ஒருக்க வந்துச்சு, முதல் உலகப் போர் சமயத்துல. அமெரிக்காவுல சவர்கிராட்டுங்கிற புளிச்ச முட்டைக்கோசைச் 'சுதந்திர முட்டைக்கோசு'ன்னு மாத்துனாக. ஜெர்மன் அம்மையும் சுதந்திர அம்மை ஆச்சு. அரிப்பு குறைஞ்சதாத் தகவல் இல்ல. லண்டன்ல ராசாவே 1917ல சாக்ஸ-கோபர்க்-கோத்தாங்கிற குலப்பேரைக் கழட்டி வச்சுட்டு வின்ட்சர் ஆயிட்டாரு. சண்டை முடிஞ்சதும் முட்டைக்கோசு பழைய பேருக்கே திரும்பிருச்சு. ராசா திரும்பலை.

சின்னவனை எல்.கே.ஜி.யில சேக்கப் போறியாமே. அந்தக் 'கே.ஜி.' இருக்கே, ரெண்டெழுத்தும் ஜெர்மன். பிரீட்ரிக் ஃபுரோபெல்னு ஒரு வாத்தியாரு 1840ல வச்ச பேரு கிண்டர்கார்ட்டன், பிள்ளைகள் தோட்டம். பேருல மட்டும் தோட்டம் இல்லப்பா. பிள்ளைகளுக்கு மண்ணுல பாத்தி ஒதுக்கிக் கொடுத்து விதை போடச் சொன்னாரு. கம்பளி நூல் பந்து, மரக்கட்டை, மர உருளை, இதுகளை வச்சு விளையாடுறதுதான் பாடம். நீ பாத்து வச்சிருக்கிற பள்ளிக்கூடத்துல புல்லுகூடப் பச்சைப் பிளாஸ்டிக்காம். மூணு வயசுப் பய கர்சிவ் எழுதணுமாம். அமெரிக்காவுல முதல் கிண்டர்கார்ட்டனை 1856ல விஸ்கான்சின் வாட்டர்டவுன்ல மார்கரீத் ஷுர்ஸ்னு ஒரு அம்மா ஆரம்பிச்சாக. அங்க பிள்ளைக பேசுனதே ஜெர்மன்தான். அபராதம் யாரும் போடலை.

ஆனா அந்த வாத்தியாரு பட்ட பாடு இருக்கே! 1851ல பிரஷ்ய அரசாங்கம் கிண்டர்கார்ட்டனுக்கே தடை போட்டுருச்சு. அவரோட அண்ணன் மகன் கார்ல் ஃபுரோபெல் கொஞ்சம் புரட்சிக்காரப் பய. அவன் எழுதுனதைப் படிச்சுட்டு, ரெண்டு ஃபுரோபெலும் ஒரே ஆளுன்னு குழம்பிட்டாக. மறுவருசமே கிழவர் கண்ணை மூடிட்டாரு. தடை நீங்குனது 1860ல.

நீ ராத்திரி கண்ணு முழிச்சு பேஸ்புக்குல அரசாங்கத்தைத் திட்டி எழுதுறியே மகனே, கொஞ்சம் பாத்து எழுது. நம்ம ரெண்டு பேருக்கும் குலசாமி பேருதான் வச்சிருக்கு. எந்த அய்யனாருன்னு வர்ற போலீசுக்குத் தெரியவா போகுது?