செருப்பைத் தாண்டிய ஆசாமி

எல்லாம் தெரிந்த ஏகாம்பரம் என்று நாம் சுருக்கமாக முடித்துவிடுகிற ஆசாமிக்கு, இங்கிலீஷ்காரன் ‘அல்ட்ராகிரெபிடேரியன்’ என்று கூட்ஸ் வண்டி நீளத்துக்கு ஓர் அடைமொழி வைத்திருக்கிறான். செருப்புக்கு அப்பால் போகிறவர் என்று அர்த்தம். தனக்குத் தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்கிறவர். சொல் அகராதிக்கு வெளியே அதிகம் தட்டுப்படாது. ஆசாமி தட்டுப்படாத இடம்தான் கிடையாது.

உறவில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் முதல் ஆளாக ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிடுவார். நல்ல மனுஷர். பழத்தைக் கொடுத்த கையோடு எக்ஸ்ரே படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். “டாக்டர் என்ன சொல்றார்?” சொன்னதும் உதட்டைப் பிதுக்கி, “அப்படித்தான் சொல்லுவாங்க” என்பார். அந்த இரண்டு வார்த்தையில் ஐந்தரை வருஷ எம்.பி.பி.எஸ். படிப்பு காலி. நர்ஸ் வந்தால், சலைன் கொஞ்சம் வேகமாக இறங்குகிறதே என்பார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். அவளுக்கு வார்டுக்கு ஒருவர் இப்படி உண்டு.

கல்யாண வீட்டில் அவரைச் சமையல்கட்டில் பார்க்கலாம். வத்தக்குழம்பை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, “புளி புதுசோ?” என்று ஒரு கேள்வி. தவசுப்பிள்ளை கரண்டியை நிறுத்தாமல் “ஆமாங்க” என்பார். பழம்புளி என்றாலும் அதே “ஆமாங்க”தான்.

செருப்பு அந்தச் சொல்லுக்குள் வந்த கதை இது. அப்பெலஸ் என்று ஒரு கிரேக்க ஓவியர். அலெக்சாண்டரை வரைந்தவர். படத்தைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி வைத்துவிட்டு, பின்னால் ஒளிந்து ஒட்டுக்கேட்பாராம். செருப்பு தைக்கிறவர் ஒருவர், படத்திலிருந்த செருப்பில் ஒரு வளையம் குறைகிறது என்றார். ஓவியர் திருத்திவிட்டார். மறுநாள் அந்தத் தெம்பில் அவர் படத்திலிருந்த காலையே குறை சொல்ல, அப்பெலஸ் தலையை வெளியே நீட்டி, செருப்போடு நிறுத்திக்கொள் என்றார். ரோமாபுரி பிளினி இதை எழுதி வைத்தார். 1819-இல் வில்லியம் ஹாஸ்லிட் அதைத் தூசு தட்டி எடுத்து, ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’ ஆசிரியர் வில்லியம் கிஃபோர்டின் தலையில் அடைமொழியாகக் கட்டினார். கிஃபோர்ட் சிறுவயதில் செருப்புத் தைக்கிறவரிடம் வேலை பழக விடப்பட்டவர். தொழிலைச் சொல்லிக் குத்துவது நம் ஊருக்கும் புதிதில்லை. இந்த ஒரு இடத்தில் என் ஓட்டு கிஃபோர்டுக்குத்தான்.

தவிர, அந்தத் தொழிலாளி செருப்பைச் சரியாகத்தான் பார்த்தார். ஓவியரே ஒப்புக்கொண்டார். நம்மவர் செருப்புப் பக்கமே போகமாட்டார். அவர் மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். டிரான்ஸ்பார்மரை அக்கக்காகப் பிரித்து மாட்டக்கூடியவர். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் ராத்திரி தெருவில் ஒரு ஃபேஸ் போய்விட்டது. எதிர்வரிசையில் டிவி ஓடுகிறது, எங்கள் வரிசை கும்மிருட்டு. எல்லோருமாக அவர் வாசலில் போய் நின்றோம்.

“என்னாச்சு சார்?”

துண்டால் விசிறிக்கொண்டே சொன்னார்: “லைன்மேன் வந்து பாக்கட்டும். பாக்காம நாம எதையாவது சொல்லிடக் கூடாது பாருங்க.”

பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்து, வானிலை மையம் சொல்கிற இடத்தில் புயல் ஏன் கரையைக் கடக்காது என்று விளக்க ஆரம்பித்தார்.