பூவராகரும் பொறியியல் தம்பியும்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தம்பிமாருக்கு ஊர் சுற்றுவதென்றால் கொடைக்கானல்தான். வேன் வாடகையில் யார் எவ்வளவு பாக்கி என்ற பஞ்சாயத்து அடுத்த செமஸ்டர் வரை ஓடும். பக்கத்திலிருக்கும் கிள்ளைக்கு மட்டும் நேரமில்லை. கேட்டால், அதை ஒட்டிய பிச்சாவரம் போனோமே என்பார்கள். போனது உண்மை, போட்டோவில் சுரபுன்னை வேர் ஒன்று, தம்பியின் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தெரிகிறது. 1975-இல் 'இதயக்கனி' படம்பிடித்த இடமப்பா என்றால், "அங்கே சிக்னலே இல்லை அங்கிள்" என்கிறான்.

ஸ்ரீமுஷ்ணம் கோயில் பெருமாள் பூவராகர் விவரமானவர். மாசி மகத்துக்குக் கிள்ளை வருவார், வழியில் இஸ்லாமியர் தரும் மரியாதையை ஏற்பார், கடலில் தீர்த்தவாரி முடித்துத் திரும்புவார். பல்லக்கில் வருவதால் சாவகாசம். தம்பிக்குப் பல்லக்கு கிடைக்காதுதான். ஆனால் கிள்ளையில் ரயில் நிலையமே இருக்கிறது.