எக்ஸ்பி மாஸ்டர்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்கிற ஏதாவது ஒரு தெருவில் இவர் இருப்பார். டிசைன் மாஸ்டர். அன்னபட்சியையும் யாளியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டு, ஜக்கார்டு அட்டையில் ஓட்டை குத்திக் கொடுப்பவர். ஓட்டையிலேயே பிழைப்பதால்தானோ என்னவோ, விண்டோஸில் ஓட்டை இருக்கிறது என்றால் அவருக்குப் பயமே வருவதில்லை.

ஓடுவது 2001இல் வந்த எக்ஸ்பி. பச்சைக் குன்று, நீல வானம், எல்லாம் அப்படியே. மானிட்டர் நெற்றியில் போன ஆயுத பூஜையின் சந்தனம் காய்ந்து உதிர்கிறது. சி.பி.யு.வுக்கு ஜரிகை போட்ட ரவிக்கைத் துண்டில் உறை. வீட்டு வரி பாக்கி நிற்கும். ஆன்டிவைரஸ் சந்தா மட்டும் நிற்காது. புது வெர்ஷன் இதில் ஏறாது என்பதால், பழைய வெர்ஷனையே தேடிப் பிடித்து ஏற்றியிருக்கிறார். காலையில் ஸ்கேனைப் போட்டுவிட்டு ஏகாம்பரநாதரைச் சுற்றிவந்தால் 43 சதவீதம். காபி குடித்தால் 44. “பாத்தீங்களா, எவ்ளோ நிதானமா தேடுது!”

ஆன்டிவைரஸ் காவலாள் மாதிரிதான். பெரும்பாலும் தன்னிடமுள்ள பட்டியலில் இருக்கிற திருடனைத்தான் அடையாளம் காணும். சுவரில் விழுந்த ஓட்டையை அது பூசாது. பூச வேண்டிய மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு கரண்டியைக் கீழே வைத்துவிட்டது. அந்தச் சமயத்தில் தமிழக அரசே தன் துறைகளை பாஸ் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறச் சொன்னது. மாஸ்டர் மாறவில்லை. “அத்தி வரதர் 1979ல தண்ணிக்குள்ள போயி 2019ல எழுந்து வரலையா? பழசுன்னா கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னது?”

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகத்தையே கட்டிப்போட்டபோது, திருப்பதி தேவஸ்தானத்தின் சில கம்ப்யூட்டர்களும் சிக்கின. கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு ஒட்டுப் போட்டுக் கொடுத்தது. சேதியைச் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஏழுமலையானுக்கே சோதனையா!” என்றாரே தவிர, ஒட்டை இறக்கவில்லை. இருப்பது திருட்டு விண்டோஸ்; அப்டேட் என்ற பேச்சை எடுத்தாலே அவருக்கு வியர்க்கும்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் பக்கமும் நியாயம் உண்டு. அட்டை குத்துகிற மெஷின் பழைய பிரிண்டர் போர்ட்டில் மாட்டியிருக்கிறது. டிசைன் சாஃப்ட்வேருக்கான டாங்கிளும் அதே போர்ட்டில்தான். புது விண்டோஸுக்கு இரண்டுக்கும் டிரைவர் கிடையாது. சிஸ்டத்தை மாற்றினால் மெஷினையும் மாற்ற வேண்டும். அந்தக் காசுக்குப் பட்டு நூல் வாங்கிப் போடலாமே என்பார். இன்டர்நெட் வயரை மட்டும் பிடுங்கிப் போட்டால் போதும், பாதி ஆபத்து தீரும். பிடுங்கமாட்டார். ஆன்டிவைரஸ் அப்டேட் ஆக வேண்டாமா?

மீதிப் பாதி பென்டிரைவில் வருகிறது. கடைக்காரர் கொண்டுவரும் பென்டிரைவில் பார்டர் டிசைனும் இருக்கும், மச்சினி கல்யாண போட்டோவும் இருக்கும். சொருகினதும் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும். மாஸ்டர் அசரமாட்டார். பென்டிரைவை உருவி, வேட்டியில் துடைத்து, மறுபடி சொருகுவார்.

பில் போட மகன் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கும் ஆதரவு நின்றுபோன சேதி வந்த அன்று, மாஸ்டர் முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

“என்னா ஆட்டம் ஆடினே! இப்ப உன்னுதும் நம்ம கட்சிக்கு வந்துடுச்சு பாத்தியா?”

“அப்பா, இது...”

“பயப்படாதடா. ஆன்டிவைரஸ் நான் வாங்கித் தரேன்.”